பதிப்புவாரி மென்பொருள் ஆவணத் தளம்

பதிப்புவாரி மென்பொருள் ஆவணத் தளம் என்பது, ஒரு மென்பொருளின் ஒவ்வொரு பதிப்புக்கும் உரிய பயன்பாட்டு விளக்கங்களைத் தனித்தனியே, நிலையான முகவரிகளில் வைத்திருக்கும் இணையத்தளம் ஆகும். மென்பொருள் மாறும்போது பழைய விளக்கத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுதாமல், இத்தகைய தளங்கள் இரண்டையும் ஒருங்கே பேணுகின்றன. பைத்தான் நிரலாக்க மொழி, போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளம், ஜாங்கோ வலைச் சட்டகம் முதலிய பல கட்டற்ற மென்பொருள்களின் ஆவணங்கள் இம்முறையில் வெளியிடப்படுகின்றன.

இத்தகைய தளத்தை அமைப்பது இன்று ஓரளவு எளிதான பணியே. ஆண்டுகள் பல கடந்த பின்னரும் ஒவ்வொரு வாசகரும் தம்மிடமுள்ள பதிப்புக்கு உரிய பக்கத்தையே படிக்கும்படி அதனைப் பராமரிப்பதுதான் கடினமானது. இக்கட்டுரை, பைத்தான் ஆவணத் தளத்தை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்விரு பணிகளையும் விளக்குகின்றது.

தேவை

மென்பொருளின் செயற்பாடு பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியது. பைத்தான் 2இல் 7 என்னும் முழு எண்ணை 2ஆல் வகுத்தால் 3 என்ற விடை கிடைக்கும். 2008 டிசம்பரில் வெளியான பைத்தான் 3இல் அதே கணக்கின் விடை 3.5 ஆகும். இரண்டிலும் பிழைச் செய்தி எதுவும் தோன்றாது. பைத்தான் 3க்கு எழுதப்பட்ட விளக்கத்தைப் படித்துவிட்டுப் பைத்தான் 2இல் நிரல் எழுதும் மாணவர், தமது விடை தவறு என்பதையே அறியாமல் இருக்கக்கூடும். ஆவணத்தில் உள்ள கூற்று உண்மையா பொய்யா என்பது, அது எந்தப் பதிப்பைப் பற்றியது என்பதைப் பொறுத்தே அமைகின்றது.

பயனர்கள் எல்லோரும் ஒரே காலத்தில் புதிய பதிப்புக்கு மாறுவதில்லை என்பது இரண்டாவது காரணம். பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிவுற்றது. அதன் இறுதி வெளியீடான 2.7.18 அவ்வாண்டு ஏப்ரலில் வந்தது. ஆனால் பைத்தான் 2.7ஐ உள்ளடக்கியிருந்த ரெட் ஹாட் எண்டர்பிரைசு லினக்ஸ் 7 இயங்குதளத்தின் வழமையான பராமரிப்பு 2024 ஜூன் 30 வரை நீடித்தது. மொழியை உருவாக்கியோர் கைவிட்ட பின்னரும் நான்கு ஆண்டுகளுக்கு மேலாக, பல நிறுவனங்களின் வழங்கிகளில் அப்பதிப்பு முறைப்படி இயங்கிக்கொண்டிருந்தது. அவற்றைக் கவனித்துவந்தவர்களுக்குத் தேவைப்பட்டவை பழைய பதிப்பின் பக்கங்களே.

வரலாறு

மென்பொருள் விளக்கங்கள் அச்சு நூல்களாக வெளிவந்த காலத்தில் பதிப்புச் சிக்கல் பெரிதாக உணரப்படவில்லை. மென்பொருளுடன் சேர்த்தே நூலும் வழங்கப்பட்டமையால் இரண்டும் பொருந்தியே இருந்தன. இணையத்தில் ஒரே முகவரியில் விளக்கம் வைக்கப்பட்டபோது இப்பொருத்தம் குலைந்தது. தளம் புதுப்பிக்கப்பட்டவுடன், பழைய பதிப்பை வைத்திருப்பவர் தமது விளக்கத்தை இழந்தார்.

பைத்தானின் ஆவணங்கள் தொடக்கத்தில் லேடெக் என்னும் அச்சுக்கோப்பு மொழியில் எழுதப்பட்டன. அவற்றை இணையப் பக்கங்களாக மாற்றும் கருவிகள் சிக்கலானவையாக இருந்தன. ஜார்ஜ் பிராண்டில் என்பவர் இதற்கு மாற்றாக ஸ்பிங்க்ஸ் என்னும் ஆவண உருவாக்கியை எழுதினார். ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்னும் எளிய குறிமொழியைப் பயன்படுத்தும் இது 2008 மார்ச்சில் பொதுவில் வெளியிடப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் வெளியான பைத்தான் 2.6 முதல் அம்மொழியின் ஆவணங்கள் ஸ்பிங்க்ஸ் கொண்டே உருவாக்கப்படுகின்றன. பின்னர் வேறு பல திட்டங்களும் இக்கருவியை ஏற்றுக்கொண்டன.

2010ஆம் ஆண்டில் ரீட் த டாக்ஸ் என்னும் சேவை தொடங்கப்பட்டது. களஞ்சியத்தில் மூலக்கோப்புகள் மாறும்போதெல்லாம் ஆவணங்களைத் தானாகவே உருவாக்கி, பதிப்புவாரியாக வெளியிடும் வசதியை இது அளித்தது. இதனால், சொந்த வழங்கி இல்லாத சிறு திட்டங்களும் பதிப்புவாரித் தளங்களை அமைக்க இயன்றது.

பதிப்பு எண்களும் முகவரிகளும்

பதிப்புவாரித் தளத்தின் அடிப்படை அதன் முகவரி அமைப்பாகும். பைத்தான் தளத்தில் 3.12ஆம் பதிப்பின் பக்கங்கள் அனைத்தும் 3.12 என்னும் அடைவின் கீழ் அமைந்துள்ளன. பக்கத்தின் எஞ்சிய முகவரி எல்லாப் பதிப்புகளிலும் இயன்றவரை ஒன்றாகவே இருக்கும். ஆகவே முகவரியில் உள்ள எண்ணை மட்டும் மாற்றி, அதே பக்கத்தின் வேறு பதிப்பை அடையலாம்.

முகவரிகள் இரு வகைப்படும்.

* நிலை முகவரி: ஒரே பதிப்பை என்றும் சுட்டுவது. 3.12 என்பது இவ்வகையைச் சேர்ந்தது.
* நகரும் முகவரி: அவ்வப்போது நடப்பில் உள்ள பதிப்பைச் சுட்டுவது. பைத்தான் தளத்தில் 3 என்பதும், போஸ்ட்கிரெஸ்கியூஎல் தளத்தில் கரண்ட் என்பதும் இவ்வகையின. ரீட் த டாக்ஸ் சேவையில் ஸ்டேபிள் என்பது இறுதியாக வெளியான நிலையான பதிப்பையும், லேட்டஸ்ட் என்பது களஞ்சியத்தின் முதன்மைக் கிளையில் உள்ள உருவாக்க நிலையையும் பொதுவாகக் குறிக்கும்.

இவ்விரு வகைகளுக்கும் தனித்தனிப் பயன் உண்டு. குறிப்பிட்ட பதிப்பை அடிப்படையாகக் கொண்டு பாடநூல் எழுதுபவர் நிலை முகவரியைத் தருவது பொருத்தம். பொதுவான அறிமுகத்திற்கு நகரும் முகவரியே ஏற்றது. மென்பொருளே தனது பிழைச் செய்தியில் ஆவணத்திற்கு இணைப்புக் கொடுக்குமாயின், அது தனது பதிப்புக்கு உரிய நிலை முகவரியைத் தரவேண்டும். இல்லாவிடின், ஐந்தாண்டுகளுக்குப் பின் அந்தச் செய்தியைக் காண்பவர் வேறொரு மென்பொருளின் விளக்கம் போன்ற ஒன்றைப் படிக்க நேரிடும்.

நகரும் முகவரியை வழிமாற்றின் மூலம் அமைக்கும்போது 302 என்னும் தற்காலிக வழிமாற்றுக் குறியீட்டைப் பயன்படுத்துவது நல்லது. 301 என்பது நிரந்தர வழிமாற்று ஆகையால் உலாவிகள் அதனை நினைவில் வைத்துக்கொண்டு, புதிய பதிப்பு வந்த பின்னரும் பழைய இடத்திற்கே வாசகரை அனுப்பக்கூடும்.

பதிப்புகளைப் பிரிக்கும் முறைகள்

பழைய பதிப்புகளின் மூலக்கோப்புகளை எங்கே வைப்பது என்பதைப் பொறுத்து மூன்று முறைகள் வழக்கில் உள்ளன.

* கிளை முறை: பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு கிளை வைக்கப்படும். ஆவணமும் மூலநிரலும் ஒரே கிளையில் இருப்பதால் இரண்டும் சேர்ந்தே மாறும். பைத்தான் திட்டம் இம்முறையைப் பின்பற்றுகின்றது.
* படி முறை: புதிய பதிப்பு வெளியாகும்போது ஆவண அடைவு முழுவதும் படியெடுக்கப்பட்டு, பதிப்பு எண்ணுடன் அதே களஞ்சியத்தில் சேர்க்கப்படும். டாகுசாரஸ் என்னும் கருவி இவ்வாறு செயற்படுகின்றது. எல்லாப் பதிப்புகளையும் ஒரே இடத்தில் திருத்தலாம் என்பது இதன் நன்மை. ஒவ்வொரு படியுடனும் தளத்தை உருவாக்கும் நேரம் கூடிச்செல்வது இதன் குறை. பதிப்புகளின் எண்ணிக்கையைப் பத்துக்குக் கீழ் வைத்திருக்குமாறு இக்கருவியின் ஆவணமே அறிவுறுத்துகின்றது.
* உறைநிலை முறை: ஒருமுறை உருவாக்கப்பட்ட பக்கங்கள் அப்படியே சேமிக்கப்பட்டு, மீண்டும் உருவாக்கப்படாமல் வைக்கப்படும். எம்கேடாக்ஸ் கருவியுடன் பயன்படும் மைக் என்னும் துணைநிரல் இம்முறையைக் கையாளுகின்றது. கருவிகள் மாறினாலும் பழைய பக்கங்கள் கெடுவதில்லை. ஆனால் அவற்றில் உள்ள பிழையைத் திருத்துவது எளிதன்று.

அமைக்கும் படிநிலைகள்

ஸ்பிங்க்ஸ் கருவியைக் கொண்டு கிளை முறையில் தளம் அமைக்கும் வழி சுருக்கமாகப் பின்வருமாறு:

1. மூலநிரல் உள்ள களஞ்சியத்திலேயே ஆவணங்களுக்கென ஓர் அடைவு உருவாக்கப்படும். ஸ்பிங்க்ஸின் தொடக்கக் கட்டளையை இயக்கினால் ஓர் அமைவுக் கோப்பும், உள்ளடக்கப் பட்டியலுக்கான முதற்பக்கமும் கிடைக்கும்.
2. அமைவுக் கோப்பில் பதிப்பு எண் குறிக்கப்படும். ஸ்பிங்க்ஸ் இதனை இரு வடிவங்களில் கேட்கின்றது. ஒன்று 3.12 என்பது போன்ற சுருக்க எண். மற்றொன்று 3.12.1 என்பது போன்ற முழு எண். இவற்றைக் கையால் எழுதாமல் மென்பொருளிலிருந்தே படிக்கச் செய்தால், இரண்டும் முரண்படும் வாய்ப்பு நீங்கும்.
3. உருவாக்கத்திற்குத் தேவையான எல்லாத் துணைநிரல்களின் பதிப்பு எண்களும் ஒரு தனிக் கோப்பில் பதிவு செய்யப்படும்.
4. மென்பொருள் வெளியாகும்போது அதற்குரிய கிளை பிரிக்கப்படும். அக்கிளையிலிருந்து உருவான பக்கங்கள் பதிப்பு எண்ணைப் பெயராகக் கொண்ட அடைவில் ஏற்றப்படும்.
5. இறுதியாக, நகரும் முகவரி புதிய அடைவைச் சுட்டுமாறு மாற்றப்படும். பக்கங்கள் முழுமையாக ஏற்றப்பட்டதை உறுதி செய்த பின்னரே இம்மாற்றம் செய்யப்படவேண்டும்.

உருவான பக்கங்கள் நிலையான கோப்புகள் ஆகையால் அவற்றை வழங்கத் தரவுத்தளம் தேவையில்லை. எளிய வலை வழங்கி ஒன்றே போதுமானது.

பதிப்புத் தெரிவும் எச்சரிக்கையும்

வாசகர் பெரும்பாலும் முதற்பக்கம் வழியாக உள்ளே வருவதில்லை. தேடுபொறியோ வேறொரு தளத்தில் உள்ள இணைப்போ அவரை நேரடியாக ஓர் உட்பக்கத்தில் சேர்க்கின்றது. ஆகையால் ஒவ்வொரு பக்கத்திலும் பதிப்பு எண் தெளிவாகத் தெரியவேண்டும். வேறு பதிப்புக்கு மாறுவதற்கான தெரிவுப் பட்டியும் இருக்கவேண்டும். அப்பட்டி, தளத்தின் முதற்பக்கத்திற்கு அன்றி, வேறு பதிப்பின் அதே பக்கத்திற்கு வாசகரைக் கொண்டுசெல்வதே பயனுள்ளது.

இங்கு ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. தெரிவுப் பட்டியின் உள்ளடக்கம் பக்கம் உருவாகும் நேரத்திலேயே எழுதப்பட்டால், 2020இல் உருவான பக்கத்திற்கு 2024இல் வெளியான பதிப்பு தெரியாது. மிகப் பழைய பக்கத்தில் இருக்கும் வாசகருக்கே புதிய பதிப்பு உள்ளது என்ற செய்தி அதிகம் தேவை. அவருக்கே அது கிட்டாமல் போகின்றது. இதனைத் தவிர்க்க, பதிப்புகளின் பட்டியல் எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவான ஒரு கோப்பில் வைக்கப்பட்டு, பக்கம் திறக்கப்படும்போது உலாவியால் படிக்கப்படுகின்றது. நம்பை என்னும் எண்கணித நிரலகத்தின் ஆவணத் தளம் இவ்வாறு அமைந்துள்ளது.

ஆதரவு முடிந்த பதிப்புகளின் பக்கங்களில் எச்சரிக்கைப் பட்டை இடுவது வழக்கம். பைத்தான் 2.7இன் பக்கங்கள், இது ஆதரவற்ற பழைய பதிப்பு எனத் தெரிவித்து, நடப்புப் பதிப்பின் அதே பக்கத்திற்கு இணைப்புத் தருகின்றன. ஜாங்கோ தளம் ஒரு படி மேலே சென்று, அத்தகைய பதிப்புகளைப் பாதுகாப்பற்றவை என்றே குறிப்பிடுகின்றது. இதற்குக் காரணம் உண்டு. பழைய பக்கத்தில் உள்ள எடுத்துக்காட்டு நிரல் சரியாக இயங்கினாலும், அது இயங்கும் மென்பொருளில் பின்னர் கண்டறியப்பட்ட பாதுகாப்புக் குறைபாடுகள் திருத்தப்படாமலேயே இருக்கும்.

தேடுபொறிகள்

ஒரே விளக்கம் பத்துப் பதிப்புகளில் இருக்கும்போது, தேடுபொறி எதனை முன்னிறுத்துவது என்னும் கேள்வி எழுகின்றது. பழைய பக்கங்களுக்குப் பிற தளங்களிலிருந்து இணைப்புகள் அதிகம் சேர்ந்திருப்பதால், அவையே தேடல் முடிவுகளில் முதலிடம் பெறுவதுண்டு.

கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் ஆகிய நிறுவனங்கள் 2009 பிப்ரவரியில் அறிவித்த முதன்மை முகவரிக் குறிப்பு இதற்கு ஒரு தீர்வாகும். பழைய பக்கத்தின் தலைப்பகுதியில், இதன் முதன்மைப் பக்கம் இன்னது என நடப்புப் பதிப்பின் முகவரி எழுதப்படும். தேடுபொறிகள் இதனை ஒரு பரிந்துரையாகவே கொள்கின்றன. நடப்புப் பதிப்பில் இல்லாத பக்கத்திற்கு இக்குறிப்பை இட்டால் அது வெறும் 404 பிழையைச் சுட்டும் என்பதும் கவனிக்கத்தக்கது. தேடுபொறிகள் பழைய பதிப்புகளைப் பார்வையிடாதபடி முற்றாகத் தடுப்பவர்களும் உளர். அவ்வாறு தடுத்தால் தேடுபொறியால் முதன்மை முகவரிக் குறிப்பையும் படிக்க இயலாது.

பழைய இணைப்புகளைப் பேணுதல்

பைத்தான் 3 பரவத் தொடங்கியபோது, பதிப்பு எண் இல்லாத முகவரிகள் எதனைச் சுட்டவேண்டும் என்ற சிக்கல் தோன்றியது. அதுவரை அவை பைத்தான் 2இன் பக்கங்களையே காட்டின. பல்லாயிரம் நூல்களிலும் இணையப் பக்கங்களிலும் அந்த இணைப்புகள் இடம்பெற்றிருந்தன. 2012இல் எழுதப்பட்ட பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு 430 இதற்கு ஒரு வழியைக் காட்டியது. முதற்பக்கத்திற்கு வருபவர் பைத்தான் 3இன் ஆவணத்தைக் காண்பார். ஏற்கெனவே வழக்கில் இருந்த உட்பக்க இணைப்புகள், அவை எழுதப்பட்டபோது குறித்த பைத்தான் 2இன் பக்கங்களுக்கே இட்டுச்செல்லும். இணைப்பைக் கொடுத்தவர் கருதிய பொருள் மாறிவிடக்கூடாது என்பது இம்முன்மொழிவின் அடிப்படையாகும்.

ஒரு வசதி மென்பொருளிலிருந்து நீக்கப்படும்போதும் இதே கேள்வி எழும். பைத்தானின் டிஸ்ட்யூட்டில்ஸ் என்னும் நிரற்கூறு 3.10இல் வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டு, 2023 அக்டோபரில் வெளியான 3.12இல் நீக்கப்பட்டது. அதன் பக்கம் பைத்தான் தளத்திலிருந்து முற்றாக மறைந்துவிடவில்லை. நடப்புப் பதிப்பின் ஆவணத்தில் அதே முகவரியில் ஒரு சிறு பக்கம் உள்ளது. நிரற்கூறு எப்போது நீக்கப்பட்டது என்பதையும், அதனைக் கொண்டிருந்த கடைசிப் பதிப்பு 3.11 என்பதையும் அது தெரிவிக்கின்றது. பக்கம் இல்லை என்னும் பிழைச் செய்தியைக் காணும் வாசகர் முகவரி தவறா, வசதியே நீக்கப்பட்டதா என்று அறியமாட்டார். இச்சிறு பக்கம் அந்த ஐயத்தைப் போக்குகின்றது.

தொடர் பராமரிப்பு

பைத்தான் 3.9 முதல் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் ஒரு புதிய பதிப்பு வெளியிடப்படுகின்றது. ஒவ்வொன்றும் சுமார் ஐந்தாண்டுகள் ஆதரிக்கப்படுவதால், எந்த நேரத்திலும் பல பதிப்புகளின் ஆவணங்களைக் கவனிக்க வேண்டியுள்ளது. பராமரிப்பில் இடம்பெறும் முக்கிய பணிகள் வருமாறு:

* பின்திருத்தம்: ஒரு பக்கத்தில் கண்ட பிழை பழைய பதிப்புகளிலும் இருக்கக்கூடும். திருத்தம் முதலில் முதன்மைக் கிளையில் செய்யப்பட்டு, பின்னர் திருத்தங்கள் ஏற்கப்படும் பழைய கிளைகளுக்கு எடுத்துச்செல்லப்படும். பைத்தான் திட்டத்தில் மிஸ் இஸ்லிங்டன் என்னும் தானியங்கி நிரல் இதற்கு உதவிவந்துள்ளது.
* மாற்றக் குறிப்புகள்: ஒரு வசதி எந்தப் பதிப்பில் சேர்ந்தது, எதில் மாறியது, எதில் வழக்கொழிந்தது என்பதைப் பக்கத்திலேயே குறிக்க ஸ்பிங்க்ஸில் தனிக் கட்டளைகள் உள்ளன. குறிப்பு எழுதப்படாத மாற்றத்தைப் பின்னர் கண்டறிவது கடினம்.
* எடுத்துக்காட்டுகளைச் சோதித்தல்: டிம் பீட்டர்ஸ் உருவாக்கி 2001இல் பைத்தான் 2.1இல் சேர்க்கப்பட்ட டாக்டெஸ்ட் என்னும் கருவி, ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டுகளை இயக்கிப்பார்த்து, கிடைக்கும் விடையை எழுதப்பட்ட விடையுடன் ஒப்பிடுகின்றது. மேலே கூறிய வகுத்தற் கணக்கு போன்ற மாற்றங்கள் இச்சோதனையில் உடனே வெளிப்படும்.
* இணைப்புச் சோதனை: வெளித்தளங்களுக்கான இணைப்புகள் இன்னும் செயற்படுகின்றனவா எனச் சரிபார்க்கும் வசதி ஸ்பிங்க்ஸிலேயே உண்டு.
* மீளுருவாக்கும் திறனைக் காத்தல்: பழைய கிளையைப் புதிய கருவியால் உருவாக்க முயலும்போது அது தோல்வியடைவதுண்டு. துணைநிரல்களின் பதிப்புகள் பதிவு செய்யப்படாதிருப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். ரீட் த டாக்ஸ் சேவை 2023 முதல் ஒவ்வொரு திட்டத்திலும் அமைவுக் கோப்பைக் கட்டாயமாக்கியது.

மீண்டும் உருவாக்க இயலாத பதிப்புகளுக்கு, ஏற்கெனவே உருவான பக்கங்களின் படியே கடைசிச் சான்றாகும். ஆகையால் மூலக்கோப்புகளுடன் அப்பக்கங்களையும் காப்புப்படி எடுத்துவைப்பது முறை.

மொழிபெயர்ப்புகள்

ஆவணம் பல மொழிகளில் வெளியாகும்போது முகவரியில் மொழிக் குறியீடும் சேர்கின்றது. 2017இல் எழுதப்பட்ட பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு 545, மொழிக் குறியீட்டை முன்னும் பதிப்பு எண்ணைப் பின்னும் வைக்கும் அமைப்பை வகுத்தது. மொழிபெயர்க்கப்படாத பத்திகள் ஆங்கிலத்திலேயே தோன்றும். இதனால், பாதி மொழிபெயர்க்கப்பட்ட பக்கமும் பதிப்பளவில் சரியாகவே இருக்கும்.

பதிப்பு பிரிக்காத முறை

எல்லாத் திட்டங்களும் ஆவணங்களைப் பதிப்புவாரியாகப் பிரிப்பதில்லை. பி.எச்.பி மொழியின் கையேடு ஒரே தொகுப்பாக உள்ளது. ஒவ்வொரு செயற்கூறின் பக்கத்திலும் அது எந்தப் பதிப்புகளில் கிடைக்கும் என்பதும், பதிப்புவாரியான மாற்றங்களின் அட்டவணையும் தரப்படுகின்றன. இதில் தேடுபொறிச் சிக்கலும் பின்திருத்த வேலையும் இல்லை. ஆனால் வாசகரே அட்டவணையைப் படித்துத் தமக்குரியதைப் பிரித்தறிய வேண்டும். மாற்றங்கள் மிகும்போது பக்கங்கள் நீள்கின்றன.

பயனர் அனைவரும் எப்போதும் ஒரே பதிப்பைப் பயன்படுத்தும் இணையச் சேவைகளுக்குப் பதிப்புவாரித் தளம் பொதுவாகத் தேவையில்லை. மென்பொருள் பயனரின் கணினியில் நிறுவப்பட்டு, அவர் விரும்பும்போது மட்டுமே மாற்றப்படும் நிலையில் அது இன்றியமையாததாகின்றது. அந்நிலையில் பழைய பக்கங்களை நீக்குவதற்கான காலத்தை, மென்பொருளை எழுதியவர்கள் ஆதரவை நிறுத்திய நாளைக் கொண்டு கணிக்க முடியாது. கடைசிப் பயனர் அதனைக் கைவிடும் நாள் பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. இதனாலேயே பைத்தான் போன்ற திட்டங்கள், ஆதரவு முடிந்த பதிப்புகளின் ஆவணங்களை எச்சரிக்கைக் குறிப்புடன் இணையத்தில் தொடர்ந்து வைத்திருக்கின்றன.